சிறுவிடைக் கோழி அடை தெளிய
15 முட்டை போட்ட சிறுவிடை நாட்டுக்கோழி 10 நாளாக வெறும் கூடையிலேயே படுத்துக் கிடக்கிறது, நோயா என்று கேட்டிருந்தீர்கள். குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்திருக்கும் போலத்தான் தெரிகிறதுங்க. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதா, நெஞ்சடியில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடையேதான். அடையை நிறுத்த வேண்டும் என்று தண்ணீரில் முக்காதீர்கள், பாவம், மிரண்டுபோகும். கம்பிவலைத் தரை உள்ள கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், அடியில் காற்று போகும்படி நிழலில் 3, 4 நாள் விட்டால் அடை தெளிந்துவிடும். தீவனமும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும், சரியாகத் தின்னாமல் இளைத்திருக்கும். அப்புறம் சில வாரத்தில் மறுபடி முட்டை வைக்கும். எச்சம் பச்சையாகப் போனால் மட்டும் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.