பரிசு தந்தால்தான் படிப்பேன் என்கிற பிள்ளை

வணக்கம். தானாகவே கதைப் புத்தகம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள், புத்தகத்துக்கு ஒரு பரிசு என்று நீங்கள் ஆரம்பித்த பிறகு, "இதை முடிச்சா என்ன தருவீங்க?" என்று கேட்பதாகவும், ஒல்லியான புத்தகங்களாகப் பார்த்து எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவள் சோம்பேறி ஆகிவிடவில்லை. பேரத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

1973-லேயே மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், சொல்லிவைத்துப் பரிசு வாங்கியவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஆக, பரிசைவிட அந்தப் பேரம்தான் சிக்கல். ஒரே நாளில் நிறுத்தினால் தண்டனை போலத் தெரியும், மெதுவாகக் குறையுங்கள். புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதையானாலும் சரி, பாதியில் விட்டாலும் சரி. எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்காமல், "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேளுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும். பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

வாய்ப்பாடு மாதிரி அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத வேலைக்குச் சின்னப் பரிசு கொடுப்பதில் தப்பில்லை. அங்கே கெட்டுப்போக ஆர்வம் என்று ஒன்று இன்னும் முளைக்கவில்லையே.