கடைத்தெருவும் கடன் பேரேடும்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்க் கடைத்தெருவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத ஆசை. யாரிடம் சொன்னாலும் பினாங்கின் ஜார்ஜ் டவுனைக் காட்டுகிறார்கள். "அங்கே யுனெஸ்கோ பட்டம் இருக்கு, இங்கே ரெண்டு வரிசைக் கடைதானே?" என்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 1948 மட்டும் தெரியும். உண்மையில் எழுத ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் அந்த உலகப் பாரம்பரியப் பட்டம் பெற்றவை. இரண்டும் துறைமுகங்கள், கப்பல் வந்ததால் தெரு வந்தது. நம் தெருவை வளர்த்தது ரப்பர் தோட்டத்துச் சம்பள நாள். அதை விட்டுவிட்டு முகப்பையும் ஜன்னலையும் வர்ணித்தால் பினாங்கின் மட்டமான நகல்தான் மிஞ்சும். கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைபாதை என்பதெல்லாம் மலாயா முழுக்க உண்டு. அந்த நடைபாதை 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட விதியிலிருந்து வந்தது. ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள்.

கடனைப் பற்றி நிறைய எழுதுங்கள். தோட்டத்து ஆட்கள் 555 என்ற சின்னக் கடன் புத்தகத்தில் எழுதித்தான் மளிகைச் சாமான் வாங்கினார்கள். சம்பளத்தன்று தீர்த்தால் மறுநாளே புதுப் பக்கம். பத்து நாள் மழை பெய்து பால்மரம் சீவ முடியாமல் போனால் கடைக்காரரின் கல்லாவும் காயும். கொஞ்சம் மிச்சம் பிடித்தவர் நகைக்கடை ஏறுவார். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அதே நகை அடகுக்கடை ஏறும்.

1948 ஜூன் 16 காலையில் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் புத்தகங்கள் நம் ஊரை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. தெருவின் கதை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க, கட்டுப்பாடு இருந்த பகுதிகளில் அரிசியை அளந்து விற்றார்கள். டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதுக்கினால் கெட்டுப்போகும். மாதத்துக்கு மொத்தமாகச் சாமான் எடுத்த வீடுகள் அப்போது எப்படிச் சமாளித்தன என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

(மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் 1919இல் பிறந்ததும் இதே ஜூன் 16, இதே ஊர். அந்தத் தேதிக்கு அவர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.)

அவரும் உங்கள் நூலில் வந்தாக வேண்டும், சிலையாக அல்ல. துரைமார் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (டாலராக) கட்டிய பணத்தில் தோட்டம் வாங்கியது. தோட்டம் துண்டானால் கடைத்தெருவுக்கும் பிழைப்பு இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். வாடகையைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. 1997இல் அதை நீக்க முடிவெடுத்தார்கள். 2000 பிறந்தபோது கட்டுப்பாடு இல்லை. பழைய வாடகையை நம்பி நடந்த சின்னக் கடைகள் நாட்டின் பல ஊர்களில் அதற்குப் பின் காலியாயின. அதற்காக அந்தச் சட்டத்தைக் கொண்டாடிவிடாதீர்கள். இடித்துக் கட்டும் ஆசையை அது தடுத்தது உண்மை. அற்ப வாடகை வாங்கிய உரிமையாளர் கூரையின் ஒழுகலை அடைக்காததும் அதனால்தான்.

பினாங்கைப் பார்த்துச் சுவரில் சைக்கிள் வரைவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதையே பாரம்பரியம் என்று திறப்பு விழா நடத்தும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஒவ்வொரு மனையும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு நில அலுவலகப் பதிவுகள் உண்டு. கட்டணம் கட்டித் தேடலாம். ஆனால் முதலில் பழைய மளிகைக்கடைக்காரர் வீடுகளுக்குப் போய்க் கடன் பேரேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். தாத்தா வைத்த பாக்கிக்குப் பேரன் தலைகுனிய வேண்டாம்.