பத்து நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

கேள்வி: வூஹானில் பத்தே நாளில் ஆஸ்பத்திரி எழும்பியது. எங்கள் இரண்டு மாடி ப்ரீஃபேப் (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து மனையில் பொருத்தும்) வீட்டுக்கு ஐந்து மாதம் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: அவசரப்பட்டு அப்படி நினைக்க வேண்டாம். ஹுவோஷென்ஷான் மருத்துவமனை 2020 ஜனவரி 23-ல் தொடங்கி பிப்ரவரி 2-ல் முடிந்தது உண்மை. ஆனால் 2003-ல் சார்ஸ் பரவியபோது பெய்ஜிங்கில் கட்டிய மருத்துவமனை முன்மாதிரியாகக் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக உழைத்தார்கள். 2015-ல் சீனாவின் சாங்ஷா நகரில் 57 மாடிகளை 19 வேலை நாளில் எழுப்பினார்கள். அதன் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து முடிக்க முன்னதாகவே சுமார் நாலரை மாதம் ஆகியிருந்தது! காணொளியில் நாம் பார்ப்பது கிரேன் வந்த பிறகு நடப்பதை மட்டும்தான். உங்களிடம் சொன்ன ஐந்து மாதத்தில் வரைபடத்துக்கு எவ்வளவு, உற்பத்திக்கு எவ்வளவு, மனையில் பொருத்த எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் நேரம் எதில்தான் மிச்சமாகிறது?

பதில்: அடுத்தடுத்து நடக்க வேண்டியவை ஒரே சமயத்தில் நடப்பதில். இங்கே மனையில் அஸ்திவாரம் தோண்டும்போதே அங்கே ஆலையில் மேல்மாடிச் சுவர் வார்ப்பாகிக்கொண்டிருக்கும். வழக்கமான முறையில் கீழ்த்தளம் இறுகி, சென்ட்ரிங் பிரிக்கும்வரை காத்திருப்பதே பெரிய செலவு. ஆலையில் நீராவி கொடுத்து இறுகவைப்பதால், வார்த்த மறுநாளே அச்சிலிருந்து எடுத்துவிடலாம். மழையும் வேலையை நிறுத்தாது.

கேள்வி: பெட்டி அறைகளாக வருவது வேகமா, தனித்தனிச் சுவர்களாக வருவதா?

பதில்: பெட்டிதான். டைல்ஸ், வயரிங், குழாய் எல்லாம் முடிந்தே வரும். ஆனால் லாரி உங்கள் தெருவில் திரும்புமா, கிரேன் நிற்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பாதியில் ஒரு ஜன்னலை இடம் மாற்றலாமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்புக்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள். அந்த வாரங்களை வீண் என்று நினைக்கவே கூடாது.

கேள்வி: இவ்வளவு வேகமாகக் கட்டினால் உறுதியாக இருக்குமா?

பதில்: பாகங்கள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும், இணைப்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். லண்டனின் ரோனன் பாயின்ட் 22 மாடி. ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்த) சுவர்களை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு சுவர் வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஒரு சுவர் போனால் சுமையை ஏற்க வேறு வழி அந்த அமைப்பில் இல்லை. பிறகு பிரித்துப் பார்த்தபோது இணைப்புகளில் மோசமான வேலைப்பாடு தெரியவந்தது. இன்றைய விதிகள் அந்த உயிர்களுக்குப் பிறகு வந்தவை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

பெட்டிக் கட்டடத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு பெட்டியிலும் சில மில்லிமீட்டர் பிசகினால், மாடி ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். நியூயார்க்கின் புரூக்ளினில் 2012 இறுதியில் தொடங்கிய 32 மாடி மாடுலர் கட்டடம், பெட்டிகள் நேர்கோட்டில் பொருந்தாதது, நீர்க்கசிவு, நிறுவனங்களுக்குள் வழக்கு என இழுபட்டு 2016-ல்தான் முடிந்தது. எனவே போல்ட் இறுக்கியதையும் இடைவெளியில் க்ரவுட் (நிரப்பும் சிமென்ட் கலவை) முழுமையாக நிரம்பியதையும் மேல்பூச்சு மூடும் முன்பே உங்கள் பொறியாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடட்டும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் கொடுங்கள்.