விடியப்புறம் வாய் பிளக்கும் மீன்கள்

மருதானையில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வவுனியாவில் வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு முப்பது அடியில் குளம் வெட்டி 500 திலாப்பியாக் குஞ்சு விட்டாராம். ஆறு மாதமாகியும் விரல் நீளம்தான். விடியப்புறம் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன, போன கிழமை பன்னிரண்டு செத்து மிதந்தன, தீனைக் கூட்டட்டுமா என்று அம்மா கேட்கிறாராம்.

வேண்டாம் தம்பி, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது பசியில்லை, மூச்சுத் திணறல். பகலில் தண்ணீரிலுள்ள பாசி ஒக்சிசன் விடும், இரவிலோ அந்தப் பாசியும் மீனும் அடியில் அழுகும் மிச்சத் தீனுமாகச் சேர்ந்து அதை இழுத்துத் தீர்த்துவிடும், அதனால்தான் விடியற்காலையில் மேலே வந்த மீன் வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கீழே போய்விடுகிறது. உள்ளங்கையை விரித்துக் கையை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும்போது கை மறைந்தால் நல்ல பச்சை. மணிக்கட்டுக்கு முன்பே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், அதிலும் ஒக்சிசன் குறைவு, குழாயை உயரத்தில் கட்டிச் சிதறி விழவிடுங்கள்.

ஆனால் அடிப்படைக் கோளாறு எண்ணிக்கைதான். உங்கள் குளம் ஏறக்குறைய 56 சதுர மீற்றர். காற்றடிக்கும் மெஷின் இல்லாமல் சதுர மீற்றருக்கு இரண்டு மீன் போதும், அதாவது நூறு, நூற்றிப்பத்து. போதாததற்கு ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் திலாப்பியா மூன்று மாதத்திலேயே குஞ்சு போடத் தொடங்கிவிடும், நீங்கள் விட்டது 500, இப்போது எத்தனை என்று யாருக்குத் தெரியும்! வலை போட்டுப் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பொரித்துச் சாப்பிடுங்கள், கருவாடும் போடலாம். அடுத்த முறை ஆண் குஞ்சு மட்டும் கிடைக்குமா என்று, மீன் வளர்ப்புக்கான அரச அதிகார சபையான நக்டாவில் விசாரியுங்கள், தம்புள்ளையில் அவர்களின் குஞ்சு உற்பத்தி நிலையம் இருக்கிறது. கலப்புக் குஞ்சுதான் கிடைத்தால், மீன் கையளவு வளர்ந்த பிறகு நாலைந்து சின்ன விராலை விடுங்கள், பொடிக்குஞ்சுகளை அது பார்த்துக்கொள்ளும். முந்தி விட்டால் நீங்கள் விட்ட குஞ்சுகளையும் தின்றுவிடும்.

திரும்பத் தீன் போடத் தொடங்கும்போது, வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல், கால் மணித்தியாலத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு. மழை மூட்டமான நாளில் போடவே வேண்டாம்.

விற்க யோசித்தால் இன்னொன்று. பாரையும் விளைமீனும் தின்று பழகிய எங்கள் கொழும்பு ஆட்கள் திலாப்பியாவை மண் மணக்கிறது என்பார்கள். அது பொய்யில்லை. பிடித்த மீனை இரண்டு மூன்று நாள் தீன் போடாமல், அடிக்கடி மாற்றும் சுத்தமான தண்ணீரில் தொட்டியில் வைத்திருந்தால் அந்த மணம் பெரும்பாலும் போய்விடும்.