சங்கடஹர சதுர்த்தி எந்த நாளில்?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கத் தொடங்கியிருக்கிறேன். போன மாதம் வீட்டு நாட்காட்டித் தாளில் சதுர்த்தி என்று புதன்கிழமை போட்டிருந்தது. கோயிலிலோ செவ்வாய்க்கிழமையே அபிஷேகம் முடித்துவிட்டார்கள். எது சரி? சதுர்த்தி நிலவைப் பார்க்கவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாரும் விரதம் இருக்க ஆசைப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: கோயிலில் செய்ததுதான் சரி. நாட்காட்டியிலும் தவறில்லை, அதைப் படித்த விதத்தில்தான் குழப்பம். தாளில் பெரிய எழுத்தில் இருப்பது சூரியன் உதிக்கும்போது நடக்கும் திதி. பெரும்பாலான காரியங்களுக்கு அது போதும். சங்கடஹர சதுர்த்திக்கோ சூரியோதயக் கணக்கு உதவாது. பௌர்ணமி கழிந்து வரும் தேய்பிறைச் சதுர்த்தியில், நிலவு உதிக்கும் நேரத்தில் சதுர்த்தி இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு உதாரணம். செவ்வாய்த் தாளில் "திருதியை பிற்பகல் 3.20 வரை, பிறகு சதுர்த்தி" என்றும், புதன் தாளில் "சதுர்த்தி பிற்பகல் 1.45 வரை, பிறகு பஞ்சமி" என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் இரவு ஒன்பது மணி நிலவு சதுர்த்தி நிலவு. புதன் இரவு வருவது பஞ்சமி நிலவு. எனவே விரதம் செவ்வாய்க்கிழமை. அதுவும் செவ்வாயோடு கூடியதால் அங்காரக சதுர்த்தி என்று கோயிலில் கூட்டம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலக ஆகும் நேரமே ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரம் வரை நீளவும் செய்யும். அதனால் அபூர்வமாக இரண்டு நாளும் நிலவு உதிக்கும்போது சதுர்த்தி இருந்துவிடும். அப்போது முதல் நாளைக் கொள்வது மரபு. முதல் நாளில் சதுர்த்தியை ஒட்டி முன்னால் வரும் திருதியை, பிள்ளையாரின் தாயான கௌரிக்கு உரிய திதி. தாயை ஒட்டி நிற்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்! இரண்டு நாளும் இல்லாமல் போனால் மறுநாள். பழைய சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதமும் சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. உங்கள் குடும்பத்தில் எதைப் பார்த்து வருகிறீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் ஒவ்வொரு மாதமும் எனக்கு எழுத வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மா சொல்வது ஆவணியில் வரும் விநாயகர் சதுர்த்தியை. அது வளர்பிறை. தன்னைப் பார்த்துச் சிரித்த சந்திரனைப் பிள்ளையார் சபித்த கதையை ஒட்டி, அன்று மெல்லிய பிறையைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். தேய்பிறையில் நேர்மாறு: நிலவைத் தரிசித்த பிறகுதான் விரதமே நிறைவடையும்.

நீங்கள் ஏழரைக்கு வீடு திரும்புவது இந்த விரதத்துக்கு இடைஞ்சலே இல்லை. நம் பக்கம் சதுர்த்தி நிலவு பெரும்பாலும் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில்தான் எழும். கோயிலின் மாலை அபிஷேகம் தவறினால் வீட்டில் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து, அருகம்புல் சாற்றி, விநாயகர் அகவல் படியுங்கள். வெள்ளெருக்கம் பூ கிடைத்தால் சிறப்பு. துளசி வேண்டாம். கொழுக்கட்டைக்கு நேரமில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு பிடி அவலில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்தால் நைவேத்தியம் ஆயிற்று.

மாமியார் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தியோ, மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றிலோ இருக்க விடாதீர்கள். எந்த வேளை என்ன சாப்பிடலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசிச் சோற்றை மட்டும் விலக்கி, கோதுமை ரவை உப்புமா, சுண்டல், மோர் என்று வழக்கமான நேரத்தில் பலகாரம் எடுத்துக்கொள்வதும் விரதம்தான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் நிலவுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள், பிறகு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் மொட்டை மாடிக்குப் போனதும் நிலவைக் காணோமே என்று பதறாதீர்கள். பஞ்சாங்க நேரம் அடிவானத்துக்கு உரியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே வர இன்னும் கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும். கிழக்கே எழும்போது பௌர்ணமி நிலவுபோல முழு வட்டமாக இராது, உச்சியில் கொஞ்சம் சீவிவிட்டதுபோல் இருக்கும். அதைப் பார்த்துக் கையில் பாலோ நீரோ ஏந்தி மூன்று முறை அர்க்கியம் விட்டுவிட்டுச் சாப்பிடலாம். ஐப்பசி மழையில் வானம் மூடிக்கிடந்தால் விடிய விடிய உட்கார வேண்டாம். உதய நேரம் கடந்ததும் கிழக்கு நோக்கிக் கும்பிட்டு அர்க்கியம் விடுங்கள். மேகத்துக்குப் பின்னால் நிலவு வந்தாயிற்று.