சான்றிதழில் இல்லாத சூடு

கேள்வி: ஒரே எடை, ஒரே அளவில் இரண்டு சுத்தியல்கள். பளபளப்பாக இருப்பதை வாங்கலாமா?

பதில்: பளபளப்பு மேல்பூச்சு. அதை வைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: சிறிய பட்டறை நடத்துகிறேன். ஃபோர்ஜிங் செய்தது, அதாவது சுட்டு அடித்து உருவாக்கியது என்று சொல்லித்தான் ஷாஃப்ட்டுகளை (சுழலும் தண்டுகளை) விற்றார்கள். சில மாதங்களில் இரண்டு முறிந்துவிட்டன. முறிந்த இடம் கல் உப்பு போல மின்னுகிறது. விற்றவர் ரசாயனப் பரிசோதனைச் சான்றிதழை நீட்டி, ‘எஃகு சரியானதுதான், நீங்கள் அதிகச் சுமை ஏற்றிவிட்டீர்கள்’ என்கிறார்.

பதில்: முதலில் முறிந்த துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஈரம் படாத இடத்தில், தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். இரண்டு முகங்களையும் ஒட்ட வைத்துப் பார்க்கவே கூடாது. தேய்ந்தால் சாட்சி போய்விடும்.

அந்தச் சான்றிதழைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று அது சொல்லும். அந்த எஃகை எந்தச் சூட்டில் அடித்தார்கள் என்று சொல்லாது. ஒரே உருக்கில் வந்த இரண்டு துண்டுகளை இரண்டு விதமாகச் சுட்டு அடித்தால், கையில் கிடைப்பது இரண்டு வேறு பொருள்கள்.

எஃகு முழுக்கச் சின்னச் சின்னப் படிகங்கள்தான். பட்டறையில் கிரெய்ன் என்போம். உலையில் 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் கிடக்கும்போது அவை ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். அடி விழும்போது பழைய கிரெய்ன்கள் நசுங்கி, அவற்றின் இடத்தில் புதிதாகச் சின்ன கிரெய்ன்கள் பிறக்கும். ஆனால் கடைசி அடி விழுந்த பிறகும் எஃகு மிகச் சூடாகவே இருந்தால், பிறந்தவை மறுபடியும் பெருத்துவிடும். அதனால் சாதாரண கார்பன் எஃகுக்குக் கடைசி அடி 900 டிகிரிக்குப் பக்கத்தில் விழுவது நல்லது. கிரெய்ன் சிறுத்தால் பலமும் கூடும், முறிவைத் தாங்கும் குணமும் கூடும். எஃகைப் பலமாக்கும் மற்ற வழிகள் பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். 1951இல் ஹால் என்ற ஆய்வாளரும் 1953இல் பெட்ச் என்பவரும் இதைக் கணக்காகவே காட்டிவிட்டார்கள்: கிரெய்னின் விட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், அதனால் வரும் பலம் இரட்டிப்பாகும்.

அப்புறம் ஏன் செய்வதில்லை? அதிகச் சூட்டில் எஃகு மென்மையாக இருக்கும்; குறைந்த அடியில் அச்சு நிரம்பிவிடும், வேலை ஓடும். பெருத்த கிரெய்னை நார்மலைசிங் செய்து, அதாவது மறுபடி சுட்டுக் காற்றில் ஆறவிட்டு, பெரும்பாலும் சரிசெய்யலாம். அதற்கு இன்னொரு முறை உலை எரிய வேண்டும் என்பதால் அதையும் விட்டுவிடுகிறார்கள். கிரெய்ன்களின் எல்லையே உருகும் அளவுக்குச் சுட்டிருந்தால் அது பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் ஷாஃப்ட் முறிந்த இடத்தில் தெரியும் மினுக்கு, கிரெய்ன் பெருத்ததன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் மினுக்கு மட்டும் வழக்கில் நிற்காது. விற்றவரோடு தொடர்பில்லாத ஒரு உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, அறுத்து மெருகேற்றி அமிலம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் முறைப்படி கிரெய்ன் எண் கேளுங்கள். 100 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கையில், ஒரு சதுர அங்குலத்தில் எண் 1 என்றால் ஒரு கிரெய்ன், எண் 8 என்றால் 128. நெடுக்கில் ஒரு வெட்டும் வேண்டும். அடித்துச் செய்ததாக இருந்தால், உலோகம் நகர்ந்த திசையைக் காட்டும் இழைக்கோடுகள் ஷாஃப்ட்டின் வளைவோடு வளைந்து போகும். கம்பியைக் கடைந்து செய்ததில் நேராக ஓடி விளிம்பில் அறுபட்டு நிற்கும். வார்ப்பில் அந்தக் கோடுகளே இருக்காது. நான் வாங்கிய ஒரு பைப் ரெஞ்சின் தாடை உடைந்தபோது இதே சோதனைதான் செய்தேன். பெட்டியில் ‘ஃபோர்ஜ்டு’, உள்ளே வார்ப்பு. பணம் திரும்பி வந்தது. உங்களுக்கும் வர வேண்டும், விடாதீர்கள்.

கேள்வி: உளி மழுங்கியது. சிவக்கக் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் போட்டேன். முதல் அடியிலேயே முனை தெறித்தது. உத்தரவாதம் செல்லுமா?

பதில்: செல்லாது. தண்ணீரில் போட்டபின் மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்காத எஃகு தெறிக்கத்தான் செய்யும். கண்ணில் படாமல் தப்பித்தீர்களே.

கேள்வி: கட்டட வேலையில் டிஎம்டி கம்பிகளை கேஸ் டார்ச்சால் சிவக்கச் சுட்டு வளைத்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது பொறியாளர் அவற்றை ஒதுக்கச் சொல்கிறார். கம்பி தயாரித்தவர் மாற்றித் தருவாரா?

பதில்: தரமாட்டார், தர வேண்டியதும் இல்லை. ரோலிங் மில்லின் கடைசி உருளையை விட்டு வந்ததும் அந்தக் கம்பி தண்ணீர்ப் பாய்ச்சலுக்குள் போகிறது. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற கடின அமைப்பாகிறது. உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. கடினமான தோலும் இளக்கமான நடுவும் சேர்ந்ததுதான் அதன் பலம். சிவக்கச் சுட்டதில் தோலின் பதம் போய்விட்டது. அதைக் குளிர்ந்த நிலையில்தான் வளைக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டாமா? கம்பிகளை ஒதுக்குங்கள், செலவை வளைத்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பளு தூக்கும் கொக்கிகள் மொத்தமாக வாங்கப் போகிறோம். ஆர்டரில் என்ன எழுதலாம்?

பதில்: ஃபோர்ஜிங் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். கடைசி அடியின் வெப்பநிலைப் பதிவு, அதன்பின் செய்த வெப்பப் பதனம், குறைந்தபட்ச கிரெய்ன் எண், மூன்றையும் கேளுங்கள். கொக்கியில் குத்திய ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்) சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் நாங்கள் விரும்பும் ஒன்றை அறுத்துப் பார்ப்போம் என்றும் எழுதுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் ஆட்கள் வேலை செய்வார்கள்.