ஈஸ்ட் ஹாமில் போடும் ஒரு புள்ளடி

அன்புள்ள ஐயா,

நான் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்து 2024 பொதுத்தேர்தலில்தான் முதல் தடவை வாக்களித்தேன். என் கணவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறார். அதனால் தனக்கு வாக்கு இல்லை என்று பதியவே இல்லை. "இங்கே நீ யாருக்குப் போட்டாலும் லேபர்தான் வெல்லும், வேலை முடிந்த களைப்போடு ஏன் அலைகிறாய்?" என்று கேட்டார். டெவன் பக்கம் இருக்கும் என் தோழியோ, கன்சர்வேட்டிவ் வரக்கூடாது என்பதற்காகத் தனக்குப் பிடிக்காத கட்சிக்குப் போட்டேன் என்கிறாள். அது மனச்சாட்சிக்கு விரோதமாக எனக்குப் படுகிறது. இந்த நாட்டில் ஒரு வாக்கால் உண்மையில் ஏதாவது ஆகுமா?

சு.

அன்புள்ள சு.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு வாக்கால் ஒரு தொகுதி கைமாறுவது பிரித்தானியப் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய நடப்பதே இல்லை. நெருங்கி வந்ததுண்டு. 1997-இல் வின்செஸ்டரில் லிபரல் டெமோகிரட் வேட்பாளர் மார்க் ஓட்டன் 2 வாக்குகளால் வென்றார். தோற்றவர் நீதிமன்றம் போனார், தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி அதே ஆண்டு நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை ஓட்டன் 21,556 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2017-இல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃபிலும் வித்தியாசம் 2 தான். 2024-இல் லண்டன் ஹெண்டனில் 15, பூலில் 18. 650 தொகுதிகளில் இப்படி ஒன்றிரண்டு அமையும், அவ்வளவுதான். உங்கள் கணவரின் கணக்கு பிழையில்லை.

ஆனால் அதே கணக்கை அவர் மட்டும் போடவில்லையே. 2024-இல் பதிந்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் வாக்களிக்கப் போகவில்லை. இன்னொன்றும் உண்டு. யார் யார் வாக்களித்தார்கள் என்று குறியிட்ட பதிவேட்டைத் தேர்தல் முடிந்ததும் கட்சிகள் வாங்க முடியும். யாருக்குப் போட்டார்கள் என்பது அதில் இராது. போனார்களா, இல்லையா என்பது மட்டும் இருக்கும். அடுத்த தடவை எந்தக் கதவைத் தட்டலாம் என்று முடிவெடுக்க அந்தப் பட்டியல் உதவுகிறது. நம் சனம் யாரும் வாக்களிக்காத தெருவுக்கு ஏன் எந்த வேட்பாளரும் வருவதில்லை என்று குறைப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் தோழி. அவர் செய்ததில் பொய் எதுவும் இல்லை. இலங்கை சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணவும் வேண்டி வந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்த வசதி இல்லை. ஒரு புள்ளடி, ஒரே ஒரு பெயர். வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கொண்டுவரலாமா என்று 2011-இல் மக்களிடம் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆகவே, "என் கட்சிக்கு இங்கே வழியில்லை, அப்படியானால் மிச்சம் இருவரில் யார்?" என்ற கேள்வியை வாக்காளர் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தந்திரோபாய வாக்கு என்பது இதுதான்.

அது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு டெவனிலேயே சான்று இருக்கிறது. 2022 ஜூன் 23 அன்று டெவனின் டிவர்டன்-ஹொனிட்டனிலும் வட இங்கிலாந்தின் வேக்ஃபீல்டிலும் இடைத்தேர்தல். இரண்டும் கன்சர்வேட்டிவ் இடங்கள். டிவர்டனில் 2019-இல் லேபர்தான் இரண்டாவதாக வந்திருந்தது. இருந்தும் மக்கள் லிபரல் டெமோகிரட் பக்கம் திரண்டார்கள், 24,000-க்கு மேல் இருந்த பெரும்பான்மை கவிழ்ந்தது, லேபர் கட்டுப்பணத்தையே இழந்தது. வேக்ஃபீல்டில் லேபர் வென்றது, லிபரல் டெமோகிரட் கட்டுப்பணத்தை இழந்தது. இரு கட்சிகளுக்கும் இடையே முறையான உடன்பாடு எதுவும் இருக்கவில்லை. வாக்காளர்கள் நிலவரம் பார்த்து நடந்தார்கள்.

நிலவரம் தெரியாமல் செய்தால் வினை. கென்சிங்டனில் 2017-இல் லேபர் வெறும் 20 வாக்குகளால் வென்றிருந்தது. 2019-இல் அங்கே கன்சர்வேட்டிவ்களைத் தோற்கடிக்கத் தங்களால்தான் முடியும் என்று லிபரல் டெமோகிரட்களும் களமிறங்கி 9,312 வாக்குகள் எடுத்தார்கள். லேபர் 150 வாக்குகளால் தோற்றது, இடம் கன்சர்வேட்டிவ்களிடம் போனது. "இங்கே எங்களால்தான் முடியும்" என்று பட்டை வரைபடம் போட்ட துண்டுப்பிரசுரம் வந்தால் நம்பிவிடாதீர்கள். உங்கள் தொகுதியில் போன தடவை யார் இரண்டாவது என்பதை நீங்களே தேடிப் பாருங்கள்.

சரி, ஈஸ்ட் ஹாமுக்கு வருவோம். உங்களுக்கு இந்தத் தந்திரோபாயம் எதுவும் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். யார் வெல்வார் என்பது ஏறக்குறைய தெரிந்த தொகுதியில் எவருக்கும் பயந்து வாக்களிக்க வேண்டியதில்லை. மனதுக்குப் பிடித்தவருக்குத் தாராளமாகப் போடலாம், அது வீணும் போகாது. எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றம் கொடுக்கும் நிதியில் ஒரு பகுதி, நாடு முழுக்க அவை பெற்ற ஒவ்வொரு 200 வாக்குக்கும் இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. அதைவிடப் பெரியது இரண்டாம் இடம். பிரிஸ்டல் வெஸ்டில் 2010-இல் பசுமைக் கட்சிக்கு நான்கு சதவீதம்கூட இல்லை. அன்று அந்தப் புள்ளடிகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். 2015-இல் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2024-இல், எல்லை மாறி பிரிஸ்டல் சென்ட்ரல் ஆன தொகுதியை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. தோற்கும் என்று தெரிந்தே போட்டவர்கள் இல்லாவிட்டால் அந்த வெற்றிக்கு வழியே இருந்திராது.

உங்கள் ஊரிலும் எண்கள் அசைகின்றன. 2019-இல் ஈஸ்ட் ஹாமில் லேபரின் பெரும்பான்மை 33,000-க்கு மேல். 2024-இல் 13,000-க்கும் கீழே வந்துவிட்டது. அதே தேர்தலில் நாடு முழுக்க லேபர் வாரிச் சுருட்டியபோது, உங்களுக்குக் கிட்டவே இல்ஃபர்ட் நோர்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் 528 வாக்குகளில்தான் தப்பினார்.

இந்தத் தேர்தல் முறை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. 2024-இல் லேபர் 33.7 சதவீத வாக்கில் 400-க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. வலதுசாரி ரிஃபோர்ம் கட்சிக்கு 41 இலட்சம் வாக்கு, 5 இடம். லிபரல் டெமோகிரட்களுக்கு அதைவிடக் குறைந்த வாக்கு, 72 இடம். ரிஃபோர்மின் அரசியல் எனக்குத் துளியும் ஒத்துவராது. ஆனாலும் 41 இலட்சம் பேரை இப்படி ஒதுக்குவது பிழை. இதை மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவரின் விஷயம், எனக்கு ஆதங்கமாக இருப்பதும் இதுதான். அவருக்கு வாக்கு இருக்கிறது. இலங்கை பொதுநலவாய நாடு. இங்கே தங்குவதற்குச் செல்லுபடியான வீசா உள்ள இலங்கை, இந்தியக் குடிமக்கள் பொதுத்தேர்தலிலும் வாக்களிக்கலாம், பிரித்தானியக் கடவுச்சீட்டு தேவையில்லை. வாக்குச்சாவடியில் கேட்கும் படமுள்ள அடையாள அட்டைக்கும் அவருடைய இலங்கைக் கடவுச்சீட்டே போதும். செய்ய வேண்டியது பதிவது மட்டும். இணையத்திலேயே செய்யலாம், சில நிமிட வேலை. இந்த வார இறுதியில் பக்கத்தில் இருத்தி வைத்துப் பதியச் செய்யுங்கள். யாருக்குப் போடுவது என்று பிறகு இருவரும் சண்டை பிடிக்கலாம்.